எந்த டிஸ்க்கில் இருந்து எழுப்புவது? ஹெர்குலிஸ், கியூஎமு பற்றி ஒரு விரிவான பதில்

கோணேசபுரியில் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "ஹெர்குலிஸ் எமுலேட்டரில் எம்விஎஸ் 3.8 போட்டிருக்கிறேன். தனியாக விஎம்/370 ஒன்றும் இருக்கிறது. விர்ச்சுவல்பொக்ஸில் உள்ளதுபோல பூட் ஓர்டரை மாற்றும் இடம் இவற்றில் எங்கே? கியூஎமுவில் எஸ்390எக்ஸ் லினக்ஸ் நிறுவ சிடி ஐஎஸ்ஓ கொடுத்தேன், அதுவும் பூட் ஆகவில்லை." ஹெர்குலிஸும் கியூஎமுவும் வீட்டுக் கணினியிலேயே மெயின்பிரேம் என்ற ஐபிஎம்மின் பெரிய கணினியைப்போல நடிக்கும் எமுலேட்டர் நிரல்கள். எம்விஎஸ், விஎம்/370 இரண்டும் அந்த மெயின்பிரேமின் பழைய இயங்குதளங்கள், எஸ்390எக்ஸ் என்பது லினக்ஸ் உலகில் அந்த மெயின்பிரேம் வகையின் பெயர். இரண்டு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்பதை மெயின்பிரேமில் யார் தீர்மானிக்கிறார்கள்? அதற்கு விடை கிடைத்தால் மற்றதெல்லாம் கட்டளை தேடும் வேலை மட்டுமே. நான் கொழும்பில் ஒரு கணினி அறையில் ஒன்பது வருடம் ஒபரேட்டராக இருந்தவன். இப்போது உப்புவெளியில் வீட்டில் வைத்து நாலைந்து பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

வீட்டுக் கணினியில் அதைத் தொடக்கிவைக்கும் பயோஸ் என்ற நிரல் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும். முதலில் சிடி, இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க், அதுவும் இல்லையென்றால் நெட்வேர்க். இந்தத் தட்டிப் பார்க்கும் வரிசைக்குத்தான் பூட் ஓர்டர் என்று பெயர். மெயின்பிரேமில் அந்த வழக்கமே கிடையாது. ஒபரேட்டர் ஒரு முகவரியைச் சொல்வார், இயந்திரம் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் போகும். சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. "எதில் எண்ணெய் இருக்கிறதோ அதைத் திற" என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், குதத்தின் இலக்கத்தைச் சொல்வார்கள். மெயின்பிரேமும் அப்படித்தான். இந்த வேலையை அவர்கள் பூட் என்று சொல்வதில்லை, ஐபிஎல் என்பார்கள். இனிஷியல் புரோகிராம் லோட் என்பதன் சுருக்கம் அது. இணையத்தில் தேடும்போது மெயின்பிரேம் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் கிரிக்கெட்தான் வந்து நிற்கும்.

அந்த முகவரிக்குப் போய் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கிட்டப் பார்ப்பது நல்லது, பிறகு வரும் பிழைகள் எல்லாம் இதிலிருந்தே விளங்கும். சொன்ன சாதனத்தில் இருந்து சரியாக 24 பைட் வாசிக்கப்பட்டு நினைவகத்தின் பூச்சிய முகவரியில் இருந்து வைக்கப்படும். முதல் 8 பைட், பிஎஸ்டபிள்யூ: ஏற்றி முடிந்ததும் செயலி எங்கே இருந்து ஓடத் தொடங்கவேண்டும் என்று சொல்வது. அடுத்த 16 பைட், சாதனங்களில் வாசித்து எழுதும் பகுதியான சனலுக்கான இரண்டு கட்டளைகள்: மிச்சத்தை எங்கிருந்து வாசித்து எங்கே வைப்பது என்று சொல்பவை. டிஸ்க் என்றால் இந்த 24 பைட்டும் முதல் சிலிண்டரின் முதல் டிராக்கில் முதல் பதிவில் இருக்கும். டிஸ்க்கின் பெயர் எழுதிய லேபிள் அதே டிராக்கில் மூன்றாவது பதிவு. சனல் தன் வேலையை முடித்ததும் பிஎஸ்டபிள்யூ செயலிக்குள் ஏறும், ஓட்டம் தொடங்கும். அவ்வளவுதான். சாதனம் டிஸ்க்கா, டேப்பா, கார்ட் ரீடரா என்று இந்த முறைக்குக் கவலை இல்லை. 24 பைட் தரக்கூடிய எதுவும் பூட் சாதனம்தான்.

சரி, ஹெர்குலிஸுக்கு வருவோம். 1999இல் ரோஜர் பௌலர் தொடங்கிய இந்த எமுலேட்டரில் மெனு ஏதும் இல்லை. இருப்பது ஒரு கொன்ஃபிக் கோப்பு. அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி: முதலில் முகவரி, அடுத்து சாதன வகை, அதன்பின் உங்கள் லாப்டொப்பில் உள்ள கோப்பின் பெயர். எம்விஎஸ் 3.8க்கு டிகே4 மைனஸ் என்ற ஆயத்தப் பொதியைப் பலர் இறக்கியிருப்பார்கள். அதில் எம்விஎஸ்ரெஸ் என்ற டிஸ்க், முகவரி 148, வகை 3350 (ஐபிஎம்மின் ஒரு டிஸ்க் மாதிரி). ஹெர்குலிஸின் திரையில் ஐபிஎல் என்று அடித்து, இடைவெளி விட்டு, 148 என்று கொடுத்தால் எழும்பும். உங்கள் பூட் ஓர்டர் இவ்வளவும்தான். ஒவ்வொரு முறையும் அடிக்க விருப்பம் இல்லையென்றால் ஹெர்குலிஸ் தொடங்கும்போது தானாக வாசிக்கும் ஆர்சி கோப்பில் அந்த வரியை எழுதிவிடலாம். ஐபிஎல் வரிக்கு முன்னால் பாஸ் கட்டளையால் பத்துச் செக்கன் இடைவெளி கொடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போன மாதம் என்னிடம் வரும் ஒரு பெடியன், 148 என்ற இலக்கம் பிடிக்கவில்லை என்று கொன்ஃபிக் கோப்பில் அந்த வரியை வேறொரு முகவரிக்கு மாற்றிவிட்டு, அந்தப் புது முகவரியையே ஐபிஎல்லுக்கும் கொடுத்திருந்தான். 24 பைட் ஒழுங்காக ஏறியது, செயலி ஓடவும் தொடங்கியது. இரண்டு செக்கன் கழித்து டிஸேபிள்ட் வெய்ட் ஸ்டேட், அதாவது செயலி இனி நகராது என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிட்டது. காரணம், எம்விஎஸ் 3.8 தன்னைச் சுற்றி எந்த முகவரியில் எந்த வகைச் சாதனம் இருக்கும் என்ற பட்டியலை அதை உருவாக்கும்போதே உள்ளே எழுதிவைத்துக்கொள்ளும். ஹெர்குலிஸுக்கு முகவரி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், எம்விஎஸ்ஸுக்கு அப்படி இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாத முகவரியில் தன் சொந்த டிஸ்க்கைக் கண்டால் அதற்கு மேலே போகத் தெரியாது. ஆகவே பொதியோடு வந்த முகவரியை மாற்றாதீர்கள். வகையும் அப்படியே. 3350 என்று உருவாக்கிய கோப்பை 3390 என்ற வேறு டிஸ்க் மாதிரியாக அறிவித்தால் சரிவராது.

டிஸேபிள்ட் வெய்ட் வந்தால் பதறவேண்டாம், அதில் செய்தி இருக்கிறது. பிஎஸ்டபிள்யூவின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். எம்விஎஸ்ஸில் அது 007 என்றால் ஒபரேட்டர் கொன்ஸோல் கிடைக்கவில்லை என்று பொருள். டிஸ்க் சரி, முகவரி சரி, ஆனால் நீங்கள் கொன்ஸோல் திரையாக நடிக்கும் 3270 டெர்மினல் நிரலைத் திறந்து ஹெர்குலிஸோடு இணைக்க முன்னரே ஐபிஎல் ஓடிவிட்டது. மேலே பத்துச் செக்கன் இடைவெளி கேட்டது இதற்காகத்தான். ஒழுங்காக எழும்பினால் கொன்ஸோலில் ஐஇஏ101ஏ என்று தொடங்கும் வரி வந்து சிஸ்டம் பராமீட்டரைக் கேட்கும். அந்த வரியைக் கண்டீர்கள் என்றால் பூட் சாதனப் பிரச்சினை முடிந்தது, இனி வருவது வேறு பிரச்சினை.

இன்னொரு காரணமும் அடிக்கடி வருவது. ஹெர்குலிஸோடு வரும் டிஏஎஸ்டிஇனிட் கருவியால் புது டிஸ்க் ஒன்றைச் செய்துவிட்டு அதை ஐபிஎல் பண்ணிப் பார்ப்பார்கள். அந்தக் கருவி டிஸ்க்குக்குப் பெயர் எழுதும், டிராக்குகளைப் பிரிக்கும், ஆனால் இயங்குதளத்தை எழுப்பும் நிரலை வைக்காது. அதை அந்த இயங்குதளத்தின் கருவிதான் எழுதவேண்டும். ஐபிஎம் உலகில் ஐசிகேடிஎஸ்எஃப், லினக்ஸில் ஸிபிஎல். லினக்ஸில் புதுக் கேர்னலை (இயங்குதளத்தின் மைய நிரல்) போட்டுவிட்டு ஸிபிஎல் ஓட்ட மறந்தாலும் இதே வம்புதான். டிஸ்க்கில் கேர்னல் இருக்கும், அதற்கு வழிகாட்டும் பதிவு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

எழும்பாத டிஸ்க்கை விட எழும்பிவிடும் பிழையான டிஸ்க்தான் ஆபத்து. கொழும்பில் நான் வேலை பார்த்த இடத்தில் சிஸ்டம் டிஸ்க் இரண்டு இருக்கும்: ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, பழைய பதிப்போடு மாற்றாக வைத்திருப்பது ஒன்று. கொன்ஸோலின் ஓரத்தில் ஒரு மட்டையில் முகவரியை எழுதி ஒட்டியிருந்தார்கள். பதிப்பு மாற்றிய கிழமை அந்த மட்டையை யாரும் மாற்றவில்லை. இரவு வேலையில் நான் மட்டையைப் பார்த்து அடித்தேன். சிஸ்டம் எந்த முறைப்பாடும் இல்லாமல் எழும்பியது, பச்சை எழுத்தெல்லாம் வழக்கம்போலவே வந்தது. விடிய ஐந்து மணிக்கு ஒரு பேட்ச் வேலை, புதுப் பதிப்பில் மட்டும் இருக்கிற ஒரு நிரலைத் தேடி விழுந்தபோதுதான் இரவு முழுக்கப் பழைய சிஸ்டத்தில் ஓடியிருக்கிறோம் என்று தெரிந்தது. எல்லா வேலையையும் திரும்ப ஓட்டவேண்டி வந்தது. அன்றிலிருந்து ஐபிஎல் அடிக்க முன்னர் அந்த முகவரியில் இருக்கும் டிஸ்க்கின் பெயரைப் பார்க்காமல் நான் அடிப்பதில்லை. ஹெர்குலிஸில் டெவ்லிஸ்ட் என்று அடித்தால் எந்த முகவரியில் எந்தக் கோப்பு என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

இனி விஎம்/370. இங்கேதான் அநேகம் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இங்கே எழுப்புதல் இரண்டு தட்டில் நடக்கிறது. முதலாவது, ஹெர்குலிஸ் என்ற இயந்திரம் விஎம்மை எழுப்புவது. அது மேலே சொன்னதேதான். இரண்டாவது, விஎம்முக்குள் லொக்-ஒன் பண்ணும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் மெய்நிகர் இயந்திரம் தன் டிஸ்க்கில் இருந்து எழும்புவது. 1972இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370இன் சிறப்பே இதுதான்: ஒவ்வொரு பயனருக்கும் தனி இயந்திரம், தனி முகவரிகள். உள்ளே இருக்கும் 190க்கும் ஹெர்குலிஸின் கொன்ஃபிக் கோப்பில் இருக்கும் முகவரிகளுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே 190 என்பது பெரிய டிஸ்க் ஒன்றின் சில சிலிண்டர்களை வெட்டிக் கொடுத்த மினிடிஸ்க், அதில் சிஎம்எஸ் என்ற, ஒரு பயனருக்கான சிறு இயங்குதளம் இருக்கும். எந்த மினிடிஸ்க் எந்த முகவரியில் என்பதும், லொக்-ஒன் பண்ணியவுடன் எதைத் தானாக எழுப்புவது என்பதும் விஎம்மின் டிரெக்டரி என்ற பயனர் பட்டியலில் அந்தப் பயனரின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும். மாற்றவேண்டியது அங்கே உள்ள ஐபிஎல் வரி. ஹெர்குலிஸின் கோப்பை நாள்முழுக்கத் திருத்தினாலும் அது மாறாது.

அந்த வரியைப் பிழையாக எழுதிவிட்டு உள்ளே போகமுடியாமல் நின்றால் வழி இருக்கிறது. லொக்-ஒன் கட்டளையின் கடைசியில் நோஐபிஎல் என்று சேர்த்தால் இயந்திரம் எதையும் எழுப்பாமல் உங்களைச் சிபி என்ற கட்டுப்பாட்டு நிரலின் முன் நிறுத்தும். அங்கே ஐபிஎல் 190 என்று கையால் அடித்துச் சிஎம்எஸ்ஸுக்குப் போய்த் திருத்தலாம். சிலர் டிரெக்டரியைத் தொடாமல் சிஎம்எஸ் எழும்பும்போது தானாக ஓடும் புரோஃபைல் எக்ஸெக் கோப்பின் கடைசி வரியில் வேறொரு டிஸ்க்கை ஐபிஎல் பண்ணச் சொல்லி எழுதிவைப்பார்கள். எனக்கும் இந்த முறைதான் பிடிக்கும். எழுப்ப முன்னர் டிஸ்க் இணைப்பது, கொன்ஸோல் அமைப்பது எல்லாவற்றையும் அதே கோப்பில் செய்துவிடலாம். அதில் பிழை விட்டால் சிஎம்எஸ் எழும்பியவுடன் வேறெதுவும் அடிக்க முன்னர் அக்சஸ் கட்டளையை நோபுரோஃப் என்ற தெரிவோடு கொடுங்கள், புரோஃபைல் ஓடாது. இந்த இரண்டு கட்டளையையும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது புண்ணியம்.

கார்ட் ரீடரில் இருந்தும் எழுப்பலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா? விஎம்முக்குள் லினக்ஸ் நிறுவும் பழைய வழி அதுதான். கேர்னல், பராமீட்டர் கோப்பு, இனிட்ஆர்டி (தொடக்கத்தில் தேவையான கோப்புகளின் சிறு பொதி) மூன்றையும் மெய்நிகர் ரீடருக்குள் வரிசையாகத் தள்ளிவிட்டு 00சி என்ற முகவரியை ஐபிஎல் பண்ணுவார்கள். அட்டையே இல்லாத அட்டை வாசிப்பான் இன்றைக்கும் பூட் சாதனமாக இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

கியூஎமு வேறு கதை. அது பழைய 3350, 3390 டிஸ்க்குகளை எமுலேட் பண்ணுவதில்லை. அது தருவது விர்ட்டியோ என்ற, எமுலேட்டர்களுக்கென்றே உருவாக்கிய சாதனங்கள், சனல் வழியாக இணைந்தவைபோலக் காட்சி தரும். அதனால் எம்விஎஸ்ஸை அதில் ஓட்ட முடியாது, லினக்ஸ்தான். இதில் பூட் என்ற தெரிவுக்கு ஓர்டர் என்று எழுத்துக் கொடுக்கும் பழைய வழி எஸ்390எக்ஸில் வேலை செய்யாது. ஒவ்வொரு சாதனத்தையும் டிவைஸ் தெரிவால் தனியாக அறிவித்து, எழுப்பவேண்டிய சாதனத்தின் வரியிலேயே பூட்இண்டெக்ஸ் 1 என்று குறிக்கவேண்டும். குறிக்காவிட்டால் பயோஸ்போல உள்ளே இருக்கும் சிறு ஃபேர்ம்வெயார் தானாகத் தேடிப் பார்க்கும். சிலவேளை கண்டுபிடிக்கும், பலவேளை கைவிடும். அதை நம்பி இருக்கவேண்டாம். நீண்ட காலமாகப் பூட்இண்டெக்ஸ் குறித்த முதல் சாதனத்தை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. அது எழும்பாவிட்டால் அடுத்ததுக்குப் போகும் வசதி அண்மைப் பதிப்புகளில்தான் வந்தது. ஆகவே இரண்டு சாதனத்துக்கு 1, 2 என்று குறித்தும் இரண்டாவதுக்குப் போகவில்லை என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

உங்கள் ஐஎஸ்ஓ ஏன் எழும்பவில்லை? நீங்கள் கொடுத்த கட்டளையை முழுதாக எழுதவில்லை, அதனால் இது என் ஊகம் மட்டும்: சிடிரொம் என்ற குறுக்குவழித் தெரிவைப் பாவித்திருப்பீர்கள். சாதாரணக் கணினியில் அது உண்மையான சிடி சாதனம் தரும். எஸ்390எக்ஸில் அது சிடி தருவதில்லை, விர்ட்டியோ பிளொக் டிஸ்க் ஒன்றைத்தான் தரும், பூட்இண்டெக்ஸ் குறிக்கவும் அதில் இடமில்லை. சரியான வழி, முதலில் விர்ட்டியோ ஸ்கஸி கொன்ட்ரோலர் ஒன்றை அறிவித்து, அதன் கீழே ஸ்கஸி-சிடி சாதனம் ஒன்றை வைத்து, ஐஎஸ்ஓவை அதற்குக் கொடுத்து, பூட்இண்டெக்ஸ் 1ஐ அதன் வரியில் எழுதுவது. அப்படிச் செய்தும் எழும்பவில்லை என்றால் நீங்கள் இறக்கியது எஸ்390எக்ஸ் ஐஎஸ்ஓதானா என்று பெயரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கேர்னலையும் இனிட்ஆர்டியையும் வெளியே எடுத்து கேர்னல், இனிட்ஆர்டி தெரிவுகளால் நேரடியாகக் கொடுங்கள். அப்போது டிஸ்க்கில் இருந்து எழுப்பும் கேள்வியே வராது.

நிறுவி முடிந்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. எஸ்390எக்ஸ் லினக்ஸ் தன்னைத் தானே மறுபடி எழுப்பும்போது எந்தச் சாதனத்துக்குப் போகவேண்டும் என்பதை உள்ளிருந்தே வைத்துக்கொள்ளும். எல்எஸ்ரீஐபிஎல் என்ற கட்டளை அதைக் காட்டும், சிஎச்ரீஐபிஎல் அதை மாற்றும். நிறுவும் நிரல் அதைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால் ரீபூட் பண்ணும்போது அழகாகப் புது டிஸ்க்கில் இருந்து எழும்பும். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கியூஎமுவை மூடுவீர்கள். அடுத்த நாள் அதே கட்டளையால் திறந்தால் மறுபடி நிறுவும் திரை வந்து நிற்கும். உள்ளே வைத்த அந்தத் தெரிவு கியூஎமு ஓடும்வரை மட்டும்தான். மூடித் திறந்தால் கட்டளையில் உள்ள பூட்இண்டெக்ஸ்தான் ஆட்சி. நிறுவி முடிந்ததும் அந்த 1ஐச் சிடியில் இருந்து எடுத்து டிஸ்க்கின் வரிக்கு மாற்றுங்கள்.

ஒரே டிஸ்க்கில் பல கேர்னல் இருந்தால் லோட்பாம் என்ற தெரிவு உதவும். புரொம்ப்ட் என்று கொடுத்தால் பட்டியல் காட்டிக் கேட்கும், இலக்கம் கொடுத்தால் நேராக அதற்குப் போகும், 0 என்றால் வழக்கமான கேர்னல். கியூஎமுவை லிப்வர்ட் என்ற மேலாண்மைக் கருவி வழியாக நடத்துபவர்கள், அதன் அமைப்புக் கோப்பில் டிஸ்க்கின் பகுதிக்குள் பூட் ஓர்டர் என்று எழுதி அதனோடு லோட்பாமையும் சேர்க்கலாம். ஆனால் மேலே ஓஎஸ் பகுதியில் பூட் டெவ் என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடவேண்டும். இரண்டையும் ஒன்றாக அது ஏற்றுக்கொள்ளாது. எம்விஎஸ்ஸின் இன்றைய வாரிசான இஸட்ஓஎஸ் உலகில் லோட்பாம் என்றால் பொருள் வேறு: எட்டு எழுத்து, அதில் முதல் நான்கு சாதன விவரக் கோப்பு இருக்கும் டிஸ்க்கின் முகவரி, அடுத்த இரண்டு, லோட் என்று பெயர் தொடங்கும் எந்த அமைப்புக் கோப்பைப் பாவிப்பது என்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு எழுதியதை மற்றதுக்குப் போடவேண்டாம். இஸட்ஓஎஸ்ஸை ஹெர்குலிஸில் போட உதவி கேட்டுச் சிலர் எழுதுகிறார்கள். அதற்கு ஐபிஎம்மின் உரிமம் வேண்டும், உரிமம் இல்லாமல் ஓட்ட நான் உதவமாட்டேன். படிக்க எம்விஎஸ் 3.8 தாராளமாகப் போதும்.

கடைசியாக, இதையெல்லாம் செய்து பார்க்க முன்னர் டிஸ்க் கோப்புகளின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். போன மழைக்காலத்தில் எம்விஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பற்றரி செத்த லாப்டொப்பும் அதோடு அணைந்து, சிஸ்டம் டிஸ்க்கின் கோப்பு பழுதாகி அடுத்த நாள் ஐபிஎல் பாதியில் நின்றது. முகவரியைத்தான் பிழையாக அடிக்கிறோம் என்று ஒரு மணித்தியாலம் தேடினோம். ஹெர்குலிஸில் ஷடோ கோப்பு என்று ஒரு வசதி உண்டு: மூல டிஸ்க்கைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும், சரிவரவில்லை என்றால் அந்தக் கோப்பை எறிந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம். கொன்ஃபிக் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியின் முடிவில் எஸ்எஃப், சமன் குறி, ஷடோ கோப்பின் பெயர் என்று சேர்த்துவிட்டு, ஹெர்குலிஸின் திரையில் எஸ்எஃப்+ கட்டளையால் அந்தக் கோப்பை உருவாக்கவேண்டும். நீங்கள் அடுத்து எழுதும்போது கொன்ஃபிக் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரி, நீங்கள் அடித்த ஐபிஎல் வரி, கடைசியாக வந்த வெய்ட் ஸ்டேட் வரி, கியூஎமுவுக்குக் கொடுத்த முழுக் கட்டளை, இந்த நாலையும் அப்படியே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.